யாரும் வெல்லக் கூடாத ஓட்டம்

நான் வளர்த்த முதல் உருக்குப் படிகத்தைத் தாளில் அச்சடித்து, மடிப்பு விழாமல் இரண்டு கொப்பிகளுக்கு நடுவில் வைத்து, மேடத்தின் அறைக்குக் கொண்டுபோனேன். என் இறுதி வருட ஆய்வுக்கு அவர்தான் பொறுப்பாளர். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து இருபது வருடமாகியும் யாழ்ப்பாணத்துப் பேச்சு மாறாதவர். தாளை மேசையில் வைத்துவிட்டு, பரீட்சைப் பெறுபேறு பார்க்க வந்தவன் மாதிரி நின்றேன்.

உருகிய உருக்கு ஆறுவது, பாலில் ஆடை படிவதைப் போல மேலிருந்து கீழாக நடக்கும் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கொதிக்கும் குழம்புக்குள் எங்கோ ஒரு புள்ளி முதலில் திண்மமாகிறது. அந்தப் புள்ளியிலிருந்து நான்கு கைகள் நீள்கின்றன. கைகளில் கிளைகள், கிளைகளில் சிறு கிளைகள். எங்கள் தேயிலைத் தோட்டத்து வாய்க்கால் ஓரங்களில் முளைக்கும் பன்னம் என்கிற பெரணிச் செடியின் இலை மாதிரி இருக்கும். இப்படி எண்ணற்ற படிகங்கள் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும்போதுதான் உருக்கு கெட்டியாகிறது. அந்தக் கைகள் எப்படி நின்றன என்பதைப் பொறுத்துத்தான் அந்த உருக்கு பின்னாளில் எங்கே வெடிக்கும் என்பதும்.

குழம்புக்குள் தலையை நீட்டிப் பார்க்க முடியாது. அதனால் கணினிக்குள் வளர்த்துப் பார்க்கிறோம். ஒரு சதுர நிலத்தைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே இலக்கங்களை வைக்கிறோம்: எவ்வளவு சூடு, எவ்வளவு திண்மம். ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களைப் பார்த்துத் தன் இலக்கங்களை மாற்றிக்கொள்ளும். அவ்வளவுதான். அதிலிருந்து இலை மாதிரி ஒன்று தானாகவே கிளம்பி வருவதை முதல் தடவை பார்த்தபோது நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு" என்றார். பிறகு தாளைக் கொஞ்சம் சரித்தார். "இதை இருபது பாகை சரிச்சு நட்டால் என்ன வரும்?"

"இதே மாதிரித்தான் மேடம். சரிஞ்சு வரும்."

"நட்டுப் பாத்தனீரோ?"

"இல்ல மேடம்."

"போய் நட்டுப் பாரும்."

நட்டுப் பார்த்தேன். இருபது பாகை சரித்து நட்ட படிகம் சரிந்தே முளைத்தது. கொஞ்ச நேரத்தில் அதன் கைகள் மெல்ல மெல்ல வளைந்து, காலைக் கூட்டத்தில் நிற்கிற மாணவன் மாதிரி நிமிர்ந்துகொண்டன. நாற்பத்தைந்து பாகையில் நட்டது கையே நீட்டாமல் தடித்துக் குந்திக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே விளங்கியது. தேயிலை மலையில் நிரை வழியே நடந்தால் வேகமாகப் போகலாம். நிரைகளைக் குறுக்கே வெட்டிப் போக முயன்றால் ஒவ்வொரு செடியும் காலைப் பிடிக்கும். என் கட்டங்களிலும் அப்படி நிரை இருந்தது. படிகம் சுலபமான வழியில் போயிருக்கிறது. நான் அழகு என்று கும்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரான நான்கு கைகளில் பாதி உருக்கின் குணம், பாதி என் சதுரக் கட்டத்தின் குணம்.

மறுநாள் மூன்று படங்களையும் பார்த்துவிட்டு மேடம் சிரித்தார். ஏளனச் சிரிப்பு இல்லை. எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்ட மாதிரிச் சிரிப்பு.

"எனக்குக் கீழ ரெண்டு வருச ஆய்வுக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கு. உமக்கு விருப்பம் எண்டு தெரியும். நான் ஒரு சோதனை வைக்கிறன். நேரா ஒண்டு, இருபது பாகையில ஒண்டு, நாப்பத்தஞ்சில ஒண்டு, மூண்டையும் வளரும். பிறகு சரிஞ்சதுகளை நிமித்தி, பேர் போடாமல், மூண்டு தாளில கொண்டு வாரும். எது நேரா நட்டதெண்டு நான் கண்டுபிடிச்சால், நீர் இன்னும் உருக்கு வளர்க்கேல்லை, கட்டம்தான் வளர்க்கிறீர். விளங்குதோ?"

"விளங்குது மேடம்."

"நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் நான் பேர் குடுக்க வேணும். அண்டைக்குக் காலமை வாரும்."

அப்போது நோன்பு தொடங்கவே மூன்று நாள் இருந்தது. ஆக எனக்கு ஒரு மாதமும் சில்லறையும்.

என் பைக்குள் இன்னொரு கடிதமும் இருந்தது. கண்டி டவுனில் ஒரு காப்புறுதிக் கம்பனி, பெருநாளுக்கு அடுத்த மாதம் முதல் வேலைக்கு வரச் சொல்லி அனுப்பியது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், டை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அந்தக் கடிதத்தைப் போனில் வாசித்துக் காட்டியபோது அப்பா எங்கள் ஊரான தெல்தோட்டையில் இரண்டு பேரை நிற்க வைத்துக் கேட்கச் செய்தார். கம்பனிக்கும் பெருநாள் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உருக்கா காப்புறுதியா என்று மேடத்தின் மூன்று தாள்தான் தீர்மானிக்கப் போகிறது என்பதை வீட்டில் எப்படிச் சொல்வது?

அப்பாவிடம் ஒரு மாதிரி சொன்னேன்.

"உருக்குறன்னு சொல்ற. எங்க வெச்சு உருக்குற?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர்லப்பா."

"சுடாதா?"

"நெசமா உருக்கல. கணக்குல உருக்குறேன்."

"கணக்குல உருக்கி, கணக்குல ஆற வெக்கிற?"

"ஆமாப்பா."

"அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம்?"

நியாயமான கேள்விதான். அம்மா போனை வாங்கி, "மகன் என்னா படிக்கிதுன்னு கேக்குறாங்க, நான் இரும்புன்னு சொல்லிட்டேன், சரிதானே?" என்றார். சரி என்றேன்.

பிழை எங்கே என்று தெரிந்தது. திருத்துவதற்கு முதல் வழி, கட்டங்களைச் சிறிதாக்குவது. ஆனால் ஒரு கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். நேரத்தையும் நான்கு மடங்கு பொடியாக நறுக்க வேண்டும். வேலை பதினாறு மடங்கு. என் மடிக்கணினியோ ஏற்கனவே இரண்டு விசைகள் கழன்று, தொட்டால் சுடுகிற நிலையில் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது இரவும் பகலும் ஓடினாலும் பெருநாள் தாண்டிப் புத்தாண்டும் வந்துவிடும்.

விடுதியில் என் அறைத்தோழன் அக்குறணைக்காரன். கட்டிலில் படுத்துக்கொண்டே என் புலம்பலைக் கேட்டவன், "ஒனக்கு வேண்டியது நல்ல கிராபிக்ஸ் கார்டுதானே? எங்கட நானாட கடைல எட்டு ஈக்கி" என்றான். எட்டு இருக்கிறது என்கிறான்.

அவனுடைய நானா, அதாவது மூத்த அண்ணன், அக்குறணை டவுனில் ஒரு கேம் கடை வைத்திருந்தார். மழை கனத்தால் கடைவீதிக்குள் ஆற்றுத் தண்ணீர் வருகிற ஊர். அதனால் கணினிகள் எல்லாம் மேல்மாடியில், கீழே ஒரு இரும்புக் கடை. பொடியன்கள் மணித்தியாலக் கணக்கில் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுகளுக்காக வாங்கிய பலமான கணினிகள். உருக்கு ஆறுவதைக் கணக்கிட அதே கார்டுகள்தான் வேண்டும்.

"கடையில எப்பவும் ஆக்கள் இருப்பாங்களே?"

"நோன்பு வருதுடா மடயா. நோன்புக்கு நானா கேமை மூடிருவாரு. ஒரு மாசம் எட்டுக் கம்ப்யூட்டரும் துணி போத்திப் படுத்துக் கிடக்கும்."

முதல் நோன்பன்று பேராதனையிலிருந்து கண்டிக்கும், அங்கிருந்து மாத்தளைப் பஸ்ஸில் அக்குறணைக்கும் போனேன். நானா படியிலேயே நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவர்.

"கேம் இல்லையே?" என்றார்.

"இல்ல நானா. உருக்கு."

"கேம் இல்லாட்டி என்ன வேணும்னாலும் ஓட்டு. கரண்ட் பில்ல தம்பிட தலைல போடுறன்." தம்பி பின்னால் நின்று தலையைத் தடவிக்கொண்டான்.

என் நிரலை அந்தக் கார்டுகளுக்கு ஏற்ப மாற்றி எழுத மூன்று நாள் போனது; நான்காம் நோன்பன்று மூன்று கணினிகளில் மூன்று படிகங்களை நட்டேன். ஒரு தடவை வளர்த்து முடிக்க நான்கு நாள். நான் வகுப்பு முடிந்ததும் வந்து பார்ப்பேன். விடுமுறை நாளில் காலையே வந்துவிடுவேன். கடை முழுக்க நோன்பாளிகள் நடமாடும்போது பிஸ்கட் பக்கற்றைப் பிரிக்க மனம் வரவில்லை. நானும் பட்டினி கிடந்தேன்.

"ஒனக்கு யாருடா நோன்பு பிடிக்கச் சொன்ன?" என்பான் தோழன்.

அம்மாவுக்கும் அதே கேள்வி. "சாப்டியா?"

"இல்லம்மா. இங்க யாரும் சாப்பிடல."

"அவங்க சாமிக்கு இருக்காங்க. நீ எதுக்குடா இருக்க?"

மாலையில் நோன்பு திறக்கும்போது நானா வீட்டிலிருந்து கஞ்சி வரும். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மணக்கிற அந்தக் கஞ்சியை முதல் நாள் நான் மூன்று கோப்பை குடித்தேன். நான்காவதை ஊற்றும்போது நானா பாத்திரத்தைச் சரித்துப் பிடித்தார். மறுநாளிலிருந்து பாத்திரம் பெரிதாக வந்தது.

ஐந்தாம் நோன்பு என்று நினைக்கிறேன். ளுஹர் எனும் நண்பகல் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் படியில் கனமான காலடி கேட்டது. கீழே இரும்புக் கடை வைத்திருக்கிற ஹாஜியார். வெள்ளைத் தொப்பி, மூச்சு வாங்கல், முகத்தில் கோபம்.

"என்ன நடக்குது மேல?" என்று நானாவிடம் கேட்டார். "நோன்பு மாசத்துல இங்க களவா கேம் ஓடுதுன்னு பள்ளி வாசல்ல நிண்டு கதைக்கிறாங்க. எதிர்க் கடை மாடிலேந்து பாத்தீக்கிறாங்க. கலர் கலரா அடிக்குதாம்."

நானாவின் முகம் வெளுத்தது. உண்மையில் கலர் அடித்துக்கொண்டுதான் இருந்தது. குழம்பைச் சிவப்பிலும் படிகத்தை நீலத்திலும் காட்ட நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். யன்னலுக்கு வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஊரில் அவர் பெயருக்கு என்னால் ஒரு கறை வந்தால், மூன்று தாளை வைத்து நான் என்ன செய்வேன்?

"கேம் இல்ல ஹாஜியார். இரும்பு" என்றார் நானா, தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

"இரும்பா? இரும்பு கீழ ஈக்கி, என்ட கடைல."

"நீங்களே பாருங்க."

ஹாஜியார் பார்த்தார். மூன்று திரைகளிலும் மூன்று நீலச் செடிகள், ஒன்று நேராக, ஒன்று கொஞ்சம் சரிந்து, ஒன்று மூலைக்கு மூலை. சில நிமிடத்துக்கு ஒரு தடவை அவை மயிரிழை அளவு நீண்டன. நான் கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் கடைக் கம்பியெல்லாம் ஒரு காலத்தில் இப்படித்தான் குழம்புக்குள் கைநீட்டி இறுகியது என்று சொன்னேன். ஹாஜியார் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப இந்த மூணு பேர்ல யாரு வின் பண்ற?"

"யாரும் வின் பண்ணக் கூடாது ஹாஜியார். மூணும் ஒரே நீளம் வரணும். அப்பதான் நான் செஞ்சது சரி."

"ஒருத்தன் முந்தினா?"

"நான் தோத்தேன்."

அவர் நிறைய நேரம் யோசித்தார். பிறகு முழங்காலில் தட்டினார். "யாரும் வின் பண்ணாதது எப்படிடா கேம் ஆகும்? கேம் இல்ல. நான் பள்ளில செல்றன்." நானா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பள்ளியில் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த நாள் ளுஹருக்குப் பிறகு ஹாஜியாரோடு இன்னும் மூன்று வியாபாரிகள் படியேறி வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஆறு பேர். நோன்பில் மத்தியானத்துக்குப் பிறகு வியாபாரமும் மந்தம், வயிறும் காலி. உட்கார்ந்து பார்க்க ஏதாவது இருந்தால் நேரம் போகும். யாரும் வெல்லக் கூடாது என்று தெரிந்தும் அவர்கள் கட்சி பிரிந்தார்கள். ஹாஜியார் மூலைக்கு மூலை வளர்கிற நாற்பத்தைந்து பாகையின் ஆள். "இவன்தான் கஷ்டப்படுறவன்" என்பது அவர் காரணம். என் தோழன் நடுவில் இருக்கிற இருபது பாகை. நேரானதற்கு நானா மட்டும்தான் ஆதரவு. அவரும் பாவம் பார்த்துச் சேர்ந்தவர்.

"ஸ்கோர் எங்க? ஸ்கோர் போடு" என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொரு திரைக்கும் கீழே கையின் நீளத்தை எழுதிக் காட்டும்படி ஒரு வரி சேர்த்தேன். ஆய்வுக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. நானாகச் செய்ய நினைத்திருக்கவில்லை.

முதல் ஓட்டத்தில் நேரானது வென்றது. முன்பு போல அப்பட்டமாக இல்லை, ஆனாலும் வென்றது. கட்டத்தைச் சிறிதாக்கினால் மட்டும் போதாது என்று தெரிந்தது. ஹாஜியார் என்னைவிட மனமுடைந்து கீழே போனார்.

ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தேன். என் கட்டம் ஒவ்வொன்றும் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு அண்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. மூலைகளில் இருக்கிற நான்கு பேரை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர்களையும் சேர்த்து எட்டு அண்டைகளாக்கினேன். இதைவிட நியாயம் ஏது என்ற பெருமையோடு மூன்றையும் திரும்ப நட்டேன்.

இந்தத் தடவை நான்காம் நாள் நான் படியேறும்போதே மேலே சிரிப்புச் சத்தம். ஹாஜியார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ட ஆள் வின் பண்ணிட்டான்" என்றார்.

திரையைப் பார்த்தேன். மூலைக்கு மூலை படிகம் மற்ற இரண்டையும் முந்தி, கைகளை விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றது. நேரானது பின்தங்கி, பக்கவாட்டில் கொழுத்திருந்தது. எல்லாமே தலைகீழ்.

"நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டீக்கிற? கஷ்டப்படுறவன் ஜெயிச்சா சந்தோசப்படு."

"அவன் ஜெயிச்சாலும் நான் தோத்தேன் ஹாஜியார்."

"இவனத் திருப்திப்படுத்த ஏலாது" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குள் நோன்பு பாதிக்கு மேல் போய்விட்டது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது காப்புறுதிக் கம்பனிக்கு என்ன நிறத்தில் டை வாங்கலாம் என்றுகூட யோசித்தேன். நீலம் வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்தேன்.

மறுநாள் படிகத்தையே விட்டுவிட்டேன். நட்டநடுவில் ஒரு சூட்டுப் புள்ளியை மட்டும் வைத்து, அது எப்படிப் பரவுகிறது என்று ஓட விட்டேன். படிகத்துக்குக் கை இருக்கலாம், சூட்டுக்கு இருக்கக் கூடாது. சூடு வட்டமாகத்தான் பரவ வேண்டும். திரையில் வந்தது வட்டம் மாதிரித்தான் இருந்தது. தோழன் எட்டிப் பார்த்து, "என்னடா இது, உம்மாட வட்டிலப்பத் தட்டு மாதிரி நாலு பக்கமும் முட்டுது" என்றான்.

அவன் அம்மா வட்டிலப்ப இனிப்பு அவிக்கிற தட்டு மூலை மழுங்கிய சதுரம்.

தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். மூலை அண்டை நேர் அண்டையைவிடத் தூரத்தில் இருக்கிறது. நான் இருவருக்கும் ஒரே பங்கு கொடுத்திருந்தேன். பங்கை ஒரு எழுத்தாக வைத்து, எல்லாத் திசையிலும் சூடு ஒரே மாதிரிப் பரவ அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே போனேன். ஒன்றரைப் பக்கம். கடைசி வரியில் விடை வந்தது: நேர் அண்டைக்கு நான்கு பங்கு என்றால், மூலை அண்டைக்கு ஒன்று. ஒன்றுமே கொடுக்காதபோது நேரானது வென்றது. சமமாகக் கொடுத்தபோது மூலையானது வென்றது. இரண்டு பிழைகளும் அச்சொட்டாக ஒரே அளவு, எதிரெதிர்ப் பக்கம். அந்தத் தாளைப் பார்த்து நான் தனியாக நிறைய நேரம் சிரித்தேன். நானா வந்து, பசி தலைக்கேறிவிட்டதா என்று விசாரித்தார்.

புள்ளியைத் திரும்ப ஓட விட்டேன். வட்டம். தோழன் ஒரு கோப்பையைக் கவிழ்த்துத் திரையில் வைத்துப் பார்த்தான். விளிம்போடு விளிம்பு நின்றது.

மூன்றாவது தடவையாகப் படிகங்களை நட்டபோது பெருநாளுக்கு ஏழு நாள் இருந்தது. முதல் நாள் மூன்றும் ஒன்றாகப் போயின. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் இருபது பாகை ஒரு நூல் முந்தியது.  மாலையில் மற்ற இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டன. நான்காம் நாள் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் மூன்று கணினிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கடைக்குள் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். ஸ்கோரை ஹாஜியாரே வாசித்தார். கடைசி இலக்கத்தில் மட்டும் சின்ன ஆட்டம், மற்றபடி மூன்றும் ஒன்று.

 பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்:

"அப்ப யாருமே வின் பண்ணல்லயா?"

"இல்ல" என்றேன். 

"இதுக்கா இத்தன நாள் படியேறி வந்தோம்?"

"கிரிக்கெட்ல இப்படி நடந்தா சூப்பர் ஓவர் வெப்பாங்க" என்றான் தோழன்.

ஹாஜியார் எழுந்து என் தோளைப் பிடித்தார். "இவன் தோக்கல்ல. அது போதும். வாங்க, அஸருக்குப் பாங்கு சொல்லப் போறாங்க" என்று எல்லோரையும் கீழே இறக்கினார். அவர்கள் போன பிறகு நான் அந்த மூன்று திரைகளுக்கும் நடுவில் வெறுமனே நின்றேன். எட்டுக் கணினிகள் இருக்கிற அறையில் நல்ல சூடு. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன் வியர்த்ததில்லை.

படங்களை ஆயத்தம் செய்வதில் மேடத்தைவிட நான் கறாராக இருந்தேன். சரிந்த படத்தைச் சும்மா நிமிர்த்தினால் விளிம்பில் லேசாகக் கலங்கல் தெரியும். அவர் கண்ணுக்கு அது போதும். அதனால் மூன்றுக்கும் வெளிக்கோட்டை மட்டும் கறுப்பில் வரைந்தெடுத்தேன். கோப்புகளைத் தோழனிடம் கொடுத்து, "பேர் எதுவும் இருக்கக் கூடாது, ஒழுங்கையும் மாத்தி வை" என்று சொல்லி அச்சடிக்க அனுப்பினேன். பெருநாளன்று அவர்கள் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் உருக்கு மறந்துபோகும். அதனால் விடுகிறேன். அன்று மத்தியானமே கேம் கடை திறந்துவிட்டது. நானா என் கோப்புகளை எல்லாம் அழித்து இடம் பண்ணியிருந்தார். எனக்குத்தான் படம் கிடைத்துவிட்டதே என்று நானும் கவலைப்படவில்லை.

மறுநாள் காலை மேடம் மூன்று தாள்களையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அடிமட்டம் வைத்துப் பன்னிரண்டு கைகளையும் அளந்தார். ஒரு தாளைத் தலைகீழாகத் திருப்பினார். கால் மணித்தியாலம் போயிருக்கும். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "பிறகு வாங்கோ" என்றார், தலை தூக்காமல்.

கடைசியில் நடுத்தாளில் விரலை வைத்தார். "இதுதான் நேரா நட்டது."

நான் குனிந்து அந்தத் தாளைப் பார்த்தேன்.

"சரியோ?" என்றார்.

வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது.

"தெரியாது மேடம்."

"என்ன தெரியாது?"

"எது எதுன்னு எனக்கும் தெரியாது. ஃப்ரெண்ட்தான் ஒழுங்கை மாத்தி அச்சடிச்சான்."

"அவரைக் கேளும்."

தோழனுக்குப் போன் எடுத்தேன். பெருநாளுக்குச் சொந்தக்காரர் வீட்டில் இருந்தான், வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார் மேடம்.

"டேய், எந்தப் படம் எந்தப் பாகைன்னு எழுதி வெச்சியா?"

"இல்லயே. நீதானே பேர் எதுவும் இருக்கக் கூடாதுன்னு செல்லின."

"தாள்ல இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"அத அப்பவே விளக்கமாச் செல்லணும். நான் கோப்புலயும் எடுத்திட்டன்." கொஞ்சம் மென்றான். "ஏன், மேடம் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

நான் போனை வைத்தேன். கடையிலும் அழித்தாயிற்று. எது நேராக நட்ட படிகம் என்று சொல்லக்கூடிய ஒருவரும் இந்த உலகத்தில் இல்லை. ஒரு மாதம் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த நான் தாள்களை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். கிளைகளை எண்ணினேன். எனக்கே தெரியவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உண்மையைச் சொல்லட்டோ? நான் குத்துமதிப்பாத்தான் விரலை வைச்சனான். மூண்டில ஒண்டு எண்டு." பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வளர்த்தவருக்கே தெரியேல்லை. இதுக்கு மேல என்னத்தைக் கேக்கிறது" என்றார்.

மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நிரப்பும். ஆனா ஒண்டு. முதல் கிழமை, ஏழு நாளும், வேற ஒரு வேலையும் இல்லை உமக்கு. மூண்டையும் திரும்ப வளர்த்து, கோப்புக்குப் பேர் வைக்கப் பழகும். ஒரு அறிவியலாளர் செய்யிற வேலையோ இது?"

"இல்ல மேடம்" என்றேன். படிவத்தில் என் பெயரை எழுதும்போது முதல் எழுத்து கோணலாக விழுந்தது.

கீழே வந்து, மரத்தடியில் நின்று, கம்பனிக்கு நன்றி சொல்லி மறுப்புக் கடிதம் ஒன்றை அனுப்பினேன். மாலையில்தான் தெல்தோட்டைக்குப் போன் எடுத்தேன். அப்பா வேலையிலிருந்து வந்திருந்தார்.

"அந்த டவுன் வேலைக்கு நான் போகலப்பா. இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க. இன்னும் ரெண்டு வருசம்."

 அப்பாவுக்குப் பக்கத்தில் யாரோ என்ன என்று கேட்டிருக்க வேண்டும். அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவர்களிடம் உரக்கச் சொன்னார்:

"ஒண்ணுமில்ல. மகனுக்கு இன்னும் ரெண்டு வருசம் போட்டுட்டாங்களாம்."

"அப்பா, ஜெயில்ல போட்ட மாதிரி சொல்றீங்க."

"நீ சிரிச்சுக்கிட்டே சொல்றியே, அப்ப நல்லதாத்தான் இருக்கும்" என்றார். "அம்மாகிட்டக் குடுக்குறேன், இரு. அவதான் இதெல்லாம் எல்லாருக்கும் விளக்கிச் சொல்றவ."